கமிஷனர் பேசறேன்

ஆரணி
9.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

சூர்யகலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தம்பி, அத்தை மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உப்புக்காற்று உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? குமரேசன் அண்ணன் சென்னையிலிருந்து வாரா வாரம் வந்து போகிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நிற்பார், ஸ்பீக்கரில் போடு என்பார். எனக்கு உங்களிடம் மட்டும் ஒன்று கேட்க வேண்டும்.

நீங்கள் பெரிய நகராட்சிக்குக் கமிஷனராகப் போனதிலிருந்து நம் வீட்டுக்கே 'கமிஷனர் வீடு' என்று பேராகிவிட்டது. கொரியர் கொண்டு வருகிறவர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருகிறார். உங்கள் தம்பி கார்க் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார். அத்தைக்குப் பெருமை சொல்லி மாளவில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். கமிஷனர் என்றால் என்னென்ன அதிகாரம் அண்ணி? ஒரு ஆளைப் பிடித்து, வீட்டுக்குத் தெரியாமல் எங்காவது வைக்க முடியுமா? தெரிந்த ஒரு அம்மா கேட்டார்கள். நான் பி.காம். படித்தவள், ஆனாலும் உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பெரிய கடைத் தெருவில் என் சிநேகிதி அமலா ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிற கடை வைத்திருக்கிறாள். அந்த விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வெயிலில் அலையாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
சூர்யகலா


நகராட்சி ஆணையர் குடியிருப்பு
19.6.2024

அன்பு சூர்யாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன், அம்மாவுக்குத்தான் ஏதோ என்று. அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே படித்தேன். எனக்கு முழங்கால் வலி தவிரக் குறையில்லை. அவர் மாதம் இரண்டு முறை வந்தால் பெரிது.

உன் கேள்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. கமிஷனர் என்று ஒரே ஆள் கிடையாது. போலீஸ் கமிஷனர் சென்னை மாதிரிப் பெரிய நகரங்களில் மட்டும் இருப்பவர். நம் மாவட்டத்துக்கு எஸ்.பி.தான். அதுபோக வணிகவரி, கைத்தறி, அறநிலையத் துறை, தேர்தல் என்று எத்தனையோ கமிஷனர்கள். நான் நகராட்சிக்கு. குப்பை, குடிநீர், தெருவிளக்கு, சொத்துவரி, கொசு மருந்து. மனிதர் யாரையும் நான் பிடித்து வைக்க முடியாது. தெருவில் திரிகிற மாட்டைப் பிடித்து அடைக்கலாம். அதற்கே மாட்டுக்காரர் வார்டு கவுன்சிலரோடு சண்டைக்கு வந்துவிடுவார்.

கமிஷன் என்றால் ஒரு வேலையை நம்பி ஒப்படைப்பது. ஒப்படைக்கப்பட்டவர் கமிஷனர், அவ்வளவுதான். தமிழில் ஆணையர் என்று வைத்ததும் ஆணை போடுகிறவர் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் கமிஷன் என்றால் பட்டு புரோக்கர் வாங்குவது. அதனால்தான் அப்பா கடைசிவரைக்கும் என்னை 'ஆபீசர்' என்றே சொன்னார்.

கேட்ட அம்மா யார்? ஏன் கேட்டார்கள்? சேகரிடம் அந்தக் கார் எழுத்தைக் கிழித்துப் போடச் சொல். உன் புருஷன் தயங்கினால் அக்கா சொன்னதாகவே சொல்லலாம்.

அம்மாவுக்கு மைசூர்பாகு எட்டாத உயரத்தில் வை.

அன்புடன்
பரிமளா


ஆரணி
28.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன். அத்தை பரவாயில்லை.

அந்த அம்மா யார் என்று கேட்டீர்கள். பெயர் சின்னம்மாள். கண்ணமங்கலம் போகிற வழியில் நம் புதுச் சாயப்பட்டறை இருக்கிறதல்லவா, அதை ஒட்டிய நிலம் அவர்களுடையது. ஒரு நாள் காலையில் ஒரு கூடைக் கத்தரிக்காயோடு வந்து நம் வீட்டுக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நான் விலை கேட்டேன். விற்க வரவில்லையாம்.

"எங்க வூட்டுக்காரர வுட்டுடச் சொல்லும்மா கமிஷனரம்மாகிட்ட. இனிமே எதுலயும் குறுக்க வர மாட்டாரு" என்றார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே அழைத்தேன், வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள். பட்டறைத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் போய் அவர்கள் கிணற்றில் ஊறுகிறது. அந்த அம்மாவின் கணவர் தங்கவேலு, பட்டறைக்கு வந்து இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை என்றதும் மண் மூட்டை போட்டு வாய்க்காலை அடைத்துவிட்டார். உங்கள் தம்பி ஆட்களோடு போய், "எங்க அக்கா கமிஷனரு, தெரியுமில்ல" என்று சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் விடிந்தபோது தங்கவேலு வீட்டில் இல்லை. மே மாதக் கடைசியில் போனவர், இன்னும் வரவில்லை.

அவரை நீங்கள்தான் பிடித்து வைத்திருப்பதாக அந்த அம்மா நினைக்கிறார்கள். உங்கள் கடிதம் வந்ததும் நீங்கள் எழுதியபடியே விளக்கிச் சொன்னேன். குப்பை, குடிநீர் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "சரிம்மா, எப்ப வுடுவாங்க?" என்று கேட்டார்கள்.

உங்கள் தம்பியிடம் கேட்டேன். "அவன் எங்கியாவது போயிருப்பான், நீ உன் வேலையப் பாரு" என்றார். கார் எழுத்தைப் பற்றியும் சொன்னேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்யட்டும் அண்ணி?

உங்கள்
சூர்யகலா


15.7.2024

அன்பு சூர்யாவுக்கு,

தைலம் வந்தது. நன்றி. நான் நலம்.

இங்கே மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரும் வேலை. காலையில் போனால் திரும்ப நேரமாகிறது. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ சொல்கிற விஷயத்தில் நீ தலையிடாமல் இருப்பது நல்லது. பட்டறைக்கும் பக்கத்து நிலத்துக்கும் தகராறு என்பது எல்லா ஊரிலும் இருப்பது. அந்த அம்மாவைக் காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுக்கச் சொல். அதுதான் முறை. குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இப்படி நாலு நாள் போய்விட்டுத் தானாக வருவதும் உண்டு.

இதைப் பற்றி இனிக் கடிதத்தில் எழுத வேண்டாம். போனிலும் வேண்டாம். நான் அடுத்த முறை வரும்போது பேசிக்கொள்ளலாம்.

அம்மாவைக் கவனித்துக்கொள்.

பரிமளா


ஆரணி
24.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வேலை மும்முரத்திலும் பதில் போட்டதற்கு நன்றி. எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். மன்னியுங்கள்.

தங்கவேலு குடிப்பவர் என்று நான் எழுதவில்லை. என் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு யார் சொன்னது?

போன வாரம் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அமலாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அரக்குக் கலரில் இருக்கிறது. நம் பட்டுக் கடையில் தொங்குகிற கல்யாணப் புடவையின் அதே அரக்கு. கிணற்றுக்குப் பக்கத்துத் தென்னை இரண்டும் மட்டை தொங்கி நிற்கின்றன. ஆட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

அந்த மனிதர் பீடிகூடக் குடிக்காதவர் என்று ஊரே சொல்கிறது. படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆடி வெள்ளிதோறும் நடந்தே போகிறவராம். அவருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்குவார். போகும்போது மாத்திரையை எடுத்துக்கொண்டு போகவில்லை. புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "புடிச்சி வெச்சிருக்கறவங்ககிட்டயே போயி காணோம்னு சொல்லுவாங்களா?" என்றார்கள் சின்னம்மாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். சத்தம் போட்ட அன்றைக்கு உங்கள் தம்பி போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தங்கவேலு முகத்துக்கு நேரே நீட்டினாராம். அதில் ஒரு பெண் குரல் வந்திருக்கிறது. "கமிஷனர் பேசறேன். நாளைக்குள்ள அடைச்சத எடுத்துடணும். இல்லன்னா அப்புறம் உன்ன யாரும் தேடி வந்து பாக்க முடியாது." அதைக் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர். வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள்.

அந்தக் குரல் யாருடையது அண்ணி?

உங்கள் தம்பி வேறு யாரையாவது பேச வைத்திருக்கலாம் என்று நான் முதலில் நினைத்தேன். அப்படியானால் ஒரு வரி எழுதிவிடுங்கள், எனக்கு நிம்மதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூர்யகலா


ஆரணி
2.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பதில் வரவில்லை. அமலா கடைக்குத் தினமும் போய்ப் பார்க்கிறேன். தபால்காரர் என்னைக் கண்டாலே கையை விரிக்கிறார். நீங்கள் நலமாக இருப்பது மட்டும் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு பேசுகிறீர்கள், நான் போனை வாங்கும் முன் வைத்துவிடுகிறீர்கள்.

தங்கவேலு உயிரோடு இருக்கிறார். அவர் மகள் சசிகலா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு யாருடைய போனிலிருந்தோ பேசியிருக்கிறார். எங்கே என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்டேன், சொல்லவில்லை. "உங்ககிட்ட சொன்னா கமிஷனர்கிட்ட போவும். நாங்க ஏமாந்தது போதும்" என்றாள். மாத்திரை வாங்கித் தருகிறேன், நீயே அனுப்பு என்றேன். மாத்திரைச் சீட்டை வைத்து அவரைத் தேடிவிடுவோம் என்று அதையும் வாங்க மறுத்துவிட்டாள். நான் நல்லது செய்ய ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவர்கள் ஒரு அடி பின்னால் போகிறார்கள். நான் கமிஷனர் வீட்டு மருமகள். அதைத் தவிர அவர்கள் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் சும்மா இருப்பதும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

சூர்யகலா


16.9.2024

சூர்யாவுக்கு,

எல்லாரும் நலமென்று நம்புகிறேன். நேற்று உனக்குச் சொல்லாமல் வந்து போனேன். ஆரணிக்குள் வரவில்லை. வேலூரில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, விசாரித்துக்கொண்டே போனேன். ஆபீஸ் வண்டி எடுக்கவில்லை.

சின்னம்மாள் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரோ சுகாதார நர்ஸ் என்று நினைத்து, உட்கார முறம் நகர்த்தி இடம் விட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சொம்பிலிருந்து ஊற்றும்போது "நம்ம கெணத்துத் தண்ணியில்லம்மா, பயப்படாம குடி" என்றார்கள். நான் குடித்துவிட்டு, "அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர்கள் கையிலிருந்த கடலை கீழே விழுந்தது. எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை கூப்பி நின்றுவிட்டார்கள். நான் பெயர் சொல்லவில்லை. குரலே போதுமாக இருந்தது.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை, என்னால் முடியாது, நான் குப்பையும் குடிநீரும் பார்க்கிறவள் என்று சொன்னேன். உனக்கு எழுதியதையெல்லாம் சொன்னேன். வாசலில் நின்று சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எதுக்கும்மா அப்டி பேசினீங்க?" என்று கேட்டார்கள்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

சசிகலா உள்ளேதான் இருந்தாள். லீவுக்கு வந்திருக்கிறாள். வெளியே வந்து என் எதிரில் நின்று, "நீங்க ஒரு போன்ல போவ வெச்சீங்க மேடம். இன்னொரு போன்ல வர வெக்க முடியாது. அப்பா நம்ப மாட்டாரு. கலெக்டர்கிட்ட திங்கக்கிழம மனு குடுக்கறாங்களே, அங்க வந்து எல்லாரும் பாக்கச் சொல்லுங்க. எழுதிக் குடுங்க" என்றாள்.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அடுத்த பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருக்கிறது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், நீயே எப்படியும் கேள்விப்படுவாய்.

பரிமளா


ஆரணி
28.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் வந்து போனது இரண்டு நாளில் உங்கள் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. பட்டறை ஆள் ஒருவர் பார்த்திருக்கிறார். அன்றைக்கு வீட்டில் நடந்ததை முழுதும் எழுத மனமில்லை. என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். "அக்கா இதுல எழுதிக் குடுத்தா அவங்க வேலையும் போவும், பட்டறையும் போவும். நூல வாங்கிகினு தறி ஓட்டறவங்க எத்தன வூடு, அவங்கல்லாம் எங்க போவாங்க? எல்லாம் உன்னால" என்றார். அவர் சொன்னதில் தறிக்காரர்கள் விஷயம் பொய்யில்லை. அதை நானும் யோசித்தேன். ஆனால் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற தொட்டி கட்டுவதாகச் சொல்லித்தானே பட்டறையே ஆரம்பித்தார்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. நான் போட்டால் சாப்பிடுவதில்லை, தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

நேற்று சசிகலா அமலா கடைக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. தங்கவேலு ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாராம். மாத்திரை இல்லாமல் வலிப்பு வந்து, கம்பிமேல் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். வலிப்புக்காரர் வேண்டாமென்று தோட்டத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் எங்கே என்று அவளுக்கும் தெரியாது. கடைசியாகப் பேசும்போது, "போலீஸ் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அக்டோபர் ஏழாம் தேதி திங்கட்கிழமை சின்னம்மாளும் சசிகலாவும் திருவண்ணாமலைக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். நானும் போகிறேன். நான் பார்த்ததைச் சொல்வேன். போனில் பேசியது யார் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

உங்களை வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் பெயரைச் சொல்லும் முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது, மேலே படி என்று இந்த வீட்டில் சொன்ன ஒரே ஆள் நீங்கள். அது என் மனதில் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன்.

சூர்யகலா


திருவண்ணாமலை
7.10.2024

சேகருக்கு,

அம்மாவும் நீயும் உடம்புக்கு நன்றாக இருக்க வேண்டும். நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இதை நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டினாலும் சரி.

இன்று காலை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எனக்கு முன்னால் பெரிய வரிசை. சூர்யாவும் அந்தத் தாயும் மகளும் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். நான் வருவேன் என்று மூவருமே எதிர்பார்க்கவில்லை. பின்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "மேடம், நீங்க கமிஷனர், நீங்க ஏன் வெயில்ல? உள்ள வாங்க, நேராப் பாத்துடலாம்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், கால் அவர் பின்னால் கிளம்பிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். சின்னம்மாள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்றுவிட்டேன். இவங்க கூட வந்திருக்கேன் என்று அவரிடம் சொன்னேன்.

மனுவில் பதவி எழுதவில்லை. ஜெகநாதன் மகள் பரிமளா என்று மட்டும் எழுதினேன். கலெக்டர் படித்துவிட்டு, எந்த ஊர் கமிஷனர் என்று கேட்டார். சொன்னேன். "இந்த மாவட்டத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்றார். ஒரு வேலையும் இல்லை சார், அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். சுற்றி இருந்த எல்லாருக்கும் கேட்டது. சசிகலா கேட்டபடியே நடந்தது.

அன்றைக்கு நீ போன் செய்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். ஒருவன் குடித்துவிட்டு வந்து பட்டறைப் பெண்களிடம் வம்பு செய்கிறான், ஒரு வார்த்தை மிரட்டு என்றாய். நான் எதையும் கேட்கவில்லை. யார், என்ன, எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை. என் மேஜைக்கு வருகிற ஒரு சாதாரணக் காகிதத்தில்கூட நான் அப்படிக் கையெழுத்துப் போட மாட்டேன். நீ என்னை ஏமாற்றினாய் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நான்கு மாதம் பார்த்தேன். 'நகராட்சி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் அந்த மனிதர் அங்கேயே நின்று எனக்குப் பதில் பேசியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை விட்டேன்.

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்கக் கலெக்டர் உத்தரவு போட்டிருக்கிறார். நாளை ஆட்கள் வருவார்கள். தொட்டி கட்டி முடிக்கும்வரை பட்டறையை மூட வேண்டியிருக்கும். தறிக்காரர்களுக்கு நூல் வெளியில் சாயம் போட்டு வாங்கிக் கொடு, அதற்கு வழி இருக்கிறது, உனக்கே தெரியும். தங்கவேலுவைத் தேடப் போலீசுக்கும் சொல்லியிருக்கிறார். போலீஸ் உடுப்பில் போக வேண்டாம் என்று சசிகலா கேட்டுக்கொண்டாள். சரி என்றார்கள்.

சூர்யாவின் போனை அவளிடம் திருப்பிக் கொடு. இதை அக்காவாகச் சொல்கிறேன்.

பரிமளா


ஆரணி
18.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அத்தை இப்போது நான் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுகிறார்கள், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. தீபாவளிக்கு நீங்கள் வராதது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தங்கவேலு வந்துவிட்டார்.

கிருஷ்ணகிரியில் ஒரு கோயில் அன்னதானக் கூடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். சசிகலாவே போய் அழைத்து வந்தாள். உங்கள் மனுவின் நகலை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினாளாம். முழுதும் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை படி என்றாராம். அப்புறம் கலெக்டர் ஆபீஸ் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாராம்.

நான் போய்ப் பார்த்தேன். நெற்றியில் தழும்பு பெரிது. ஆள் பாதியாகிவிட்டார். கொல்லையில் நின்றுகொண்டிருந்தவரை, "தங்கவேலு அண்ணா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சின்னம்மாள்தான், "போன எடத்துலயெல்லாம் அருணாச்சலம்னு பேரு சொல்லி வெச்சிருந்தாராம். இன்னும் பழகலம்மா" என்றார்கள். தொட்டு அழைத்த பிறகுதான் திரும்பினார்.

மாத்திரை மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள். பட்டறை மூடியிருக்கிறது. கிணற்றை இரண்டு தடவை இறைத்தார்கள். நிறம் குறைந்திருக்கிறது, குடிக்க ஆகாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் தம்பி ஒரு நாள் அங்கே போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் லாரி ஒன்று அவர்கள் வீட்டுக்குப் போனது, அவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் போன் என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் உங்களுக்கு எழுதத்தான் வருகிறது.

உங்களுக்கு ஆபீசில் என்ன ஆயிற்று? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உங்கள்
சூர்யகலா


சென்னை
20.12.2024

அன்பு சூர்யாவுக்கு,

அவர் வந்துவிட்டார் என்று படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன். நானும் உன் அண்ணனும் சுகம். ஒரே வீட்டில் இருப்பதால் அவர் சமையலை நானும் என் சமையலை அவரும் பொறுத்துக்கொள்கிறோம்.

எனக்கு மெமோ வந்தது, விளக்கம் கொடுத்தேன். இப்போது பணியிடம் இல்லாமல் காத்திருப்பில் வைத்திருக்கிறார்கள். பதவி உயர்வு இந்த முறை இல்லை. விசாரணை முடிய வருஷமாகலாம். இங்கே பக்கத்து வீட்டில் என்னைக் குமரேசன் சார் வீட்டம்மா என்கிறார்கள். முதல் சில நாள், கூப்பிடுவது என்னைத்தானா என்று தெரியாமல் நின்றேன். தங்கவேலுவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்தேன். அவருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைக்கக் கூடாது, அது எனக்குத் தெரியும்.

பொங்கலுக்கு வரலாம் என்று இருக்கிறேன். வந்தால் அவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். சின்னம்மாள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போகலாமா என்று அவரிடமே கேட்டு எழுது. நீ கேட்டால் சொல்வார்.

பனி அதிகமாக இருக்கும், அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடு.

அன்புடன்
பரிமளா


ஆரணி
6.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நீங்கள் வருவதாக அத்தையிடம் சொன்னேன். "அவ ரூம கூட்டி வெய்யி" என்றார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியது இதுதான்.

தங்கவேலு அண்ணனிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்து கேழ்வரகு நாற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கை வேலையை நிறுத்தவில்லை. நான் எழுந்து போகலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது பேசினார்.

"அந்தம்மா வெயில்ல வரிசைல நின்னாங்கன்னு பாப்பா சொல்லிச்சி. பெரிய விஷயந்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வேணாம்மா. எனக்கு அவங்க மேல கோவம் ஒண்ணும் கெடையாது. அந்தக் கொரல் கேட்டா எனக்கு மறுபடி வந்துடுமோன்னு இருக்குது."

வலிப்பைத்தான் சொன்னார்.

நான் மறுபடி கேட்கவில்லை. சின்னம்மாள் ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்து, உங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டேன். நீங்கள் வரும்போது வறுத்துத் தருகிறேன்.

நீங்கள் வேலூர் வழியாக வர வேண்டாம். சென்னையிலிருந்து ஆரணிக்கு நேர் பஸ் இருக்கிறது, ஆற்காடு வழியாக வரும். கண்ணமங்கலம் வழியில் வந்தால் பஸ் அவர் நிலத்தை ஒட்டித்தான் போகும். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.

முழங்காலுக்கு நீவிவிட ஆள் பார்த்து வைத்திருக்கிறேன். பத்திரமாக வாருங்கள்.

உங்கள்
சூர்யகலா